பயங்கரம், பரிதாபம், பரபரப்பு: 1950களின் தமிழ்த் தலைப்புகள்

1940களிலும் 1950களிலும் வெளிவந்த தமிழ் நாளிதழ்த் தலைப்புகளில் பெரும்பாலானவை காதுக்கென்று கட்டப்பட்டவை. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர். சென்னை மாகாணத்து நிலைமை அதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆகவே ஊருக்கு ஒரு பத்திரிகை வந்தால், டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்கப் படிப்பார். சுற்றி உட்கார்ந்தவர்கள் கேட்பார்கள். படிக்கிறவருக்குக் குரலை எங்கே ஏற்றுவது, எங்கே நிறுத்தி டம்ளரைக் கையில் எடுப்பது என்று தெரிய வேண்டும். ஆச்சரியக்குறிகளும் கேள்விக்குறிகளும் அதற்காகவே வாரி இறைக்கப்பட்டன. இன்று நூலகத்தில் அமர்ந்து மௌனமாகப் படிக்கிறவருக்கு அந்தத் தலைப்புகள் சிரிப்பு மூட்டுகின்றன என்றால், வாத்தியம் இல்லாமல் தெருக்கூத்தைப் பார்ப்பதால் வரும் சிரிப்பு அது.

இந்தச் சத்தம் தொடக்கத்திலேயே வந்துவிடவில்லை. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கிய சுதேசமித்திரன் 1899இல் நாளிதழானது. அதன் தலைப்புகள் கலெக்டருக்குக் கொடுக்கும் மனுவைப் போல அடக்கமானவை. ஒரு தலைப்பு, அதன் கீழே சின்ன எழுத்தில் இன்னொன்று, அதற்கும் கீழே மூன்றாவது என்று படிக்கட்டாக இறங்கும். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு முற்றுப்புள்ளி வேறு. செய்திக்குள் நுழைவதற்குள் செய்தி முடிந்துவிடும். மொழியும் அதற்கேற்ற ஜரிகை வேட்டிதான்: தேர்தலில் நிற்பவர் அபேட்சகர், கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் அக்கிராசனாதிபதி, கட்சியின் செயலாளர் காரியதரிசி, அரசு என்பது சர்க்கார். ஒரு கூட்டத்துக்கு அக்கிராசனாதிபதி வராமல் போனால், அந்தச் சொல்லே பத்தியின் அகலத்தை அடைத்துக்கொள்ளும். அவர் ஏன் வரவில்லை என்று சொல்ல இடம் இருக்காது.

1934இல் டி.எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு வந்த தினமணி இந்த ஜரிகையைப் பெருமளவு கழற்றியது. அவருக்குப் பின் ஆசிரியரான ஏ.என். சிவராமன் 1987 வரை அந்த நாற்காலியில் இருந்தார். அவருடைய புனைபெயர்களில் ஒன்று ‘கணக்கன்’. அப்படிப் பெயர் வைத்துக்கொள்ளக்கூடிய ஒருவரின் பத்திரிகையில் தலைப்பு எப்படி இருக்கும் என்பதை ஊகிக்கலாம்: நேராக, புள்ளிவிவரத்தோடு, வாத்தியார் கரும்பலகையில் எழுதுவதுபோல. சிரிக்க ஒன்றும் கிடைக்காது. பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் அதைத் தேடியதில் வியப்பில்லை.

சிரிப்புக்கும் திகிலுக்கும் பொறுப்பேற்க வேண்டியவர் சி.பா. ஆதித்தனார். லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்து, சிங்கப்பூரில் வக்கீல் தொழில் பார்த்துவிட்டுத் திரும்பியவர். 1942இல் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கினார், அது பிறகு ‘தினத்தந்தி’ ஆனது. பெயரிலேயே பாதித் தந்திரம் இருக்கிறது. அந்தக் காலத்துக் கிராமத்தில் தந்தி வந்தது என்றால் யாரோ செத்துவிட்டார் என்று அர்த்தம்; சேதியைப் பிரிக்கும் முன்பே ஒப்பாரி தொடங்கிவிடும். அந்தப் படபடப்பை ஒவ்வொரு நாள் காலையிலும் காசுக்கு விற்கலாம் என்று கண்டுகொண்டவர் அவர். தம் நிருபர்களுக்காக எழுதிய இதழாளர் கையேட்டில், மக்கள் பேசுகிற தமிழையே கொச்சை நீக்கி எழுத வேண்டும் என்று வகுத்தார். சொற்றொடர் சின்னது, சொல் சின்னது, எழுத்து மட்டும் பெரியது.

அந்தப் பள்ளியில் உருவான சொல்லகராதி தனி. கொலை என்றால் ‘பயங்கரம்’. விபத்து என்றால் ‘பரிதாபம்’. நடிகை வழக்கு மன்றத்துக்கு வந்தால் ‘பரபரப்பு’. காரணம் தெரியாத எதுவும் ‘மர்மம்’. கத்திக்குத்து ஒன்று நடந்தால் கத்திக்கே குரல் கொடுத்து ‘சதக், சதக்’ என்று எழுதினார்கள். இது நாட்டுப்புறக் கதைசொல்லியின் உத்தி. கேட்கிறவர் முகத்தைச் சுளிக்க வேண்டும், எழுந்து மட்டும் போய்விடக்கூடாது. செய்தியில் வரும் பெண்கள் எல்லாரும் ‘அழகி’கள். அந்த இருபதாண்டுப் பத்திரிகைகளை மட்டும் வைத்து வரலாறு எழுதினால், சாதாரண முகம் கொண்ட ஒரு பெண்கூடத் தமிழ்நாட்டில் கிணற்றில் தவறி விழவில்லை என்றுதான் எழுத வேண்டிவரும். ஆண்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்கள் ‘வாலிபர்’, ‘ஆசாமி’, ‘பேர்வழி’ என்ற மூன்று படிகளில் ஏதாவது ஒன்றில் நின்றார்கள். கைதாகும்வரை வாலிபர். கைதானபின் ஆசாமி. ஏற்கெனவே ஒருமுறை உள்ளே போய் வந்தவர் என்றால் பேர்வழி.

மரியாதை விகுதியும் இப்படியே பங்கீடு செய்யப்பட்டது. மந்திரி ‘பேசினார்’, திருடன் ‘ஓடினான்’. முன்னாள் மந்திரி மீது வழக்கு வந்தால்தான் உதவி ஆசிரியருக்குத் தலைவலி. அப்போது ‘கைது’ என்று பெயர்ச்சொல்லோடு நிறுத்தி, வினைமுற்றைத் தொடாமல் தப்பிப்பார்கள். இன்றும் தமிழ்த் தலைப்புகள் ‘கைது’, ‘பலி’, ‘மாயம்’ என்று வெட்டென முடிவதில் இடநெருக்கடிக்குப் பங்கு உண்டு. ஆர் விகுதியா ஆன் விகுதியா என்று முடிவெடுக்காமல் நழுவும் சாமர்த்தியத்துக்கும் அதில் பங்கு இருக்கத்தான் வேண்டும்.

கொலைச் செய்திகளில் இரண்டு வழக்குகள் அந்தக் காலத்துப் பத்திரிகைகளை நிறைத்தன. முதலாவது லட்சுமிகாந்தன் வழக்கு. ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ என்ற ஏடுகளில் திரையுலகினரின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்த லட்சுமிகாந்தன், 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அடுத்த மாதமே எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். இதில் வேடிக்கை காலப்பொருத்தம்தான். பாகவதர் நடித்த ‘ஹரிதாஸ்’ அந்த ஆண்டு தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஒரு பக்கச் சுவரில் அவர் மன்மதனாகக் குதிரையில் வருகிறார். எதிர்ப்பக்கம் செய்தித்தாளில் கைதியாக நீதிமன்றத்துக்கு வருகிறார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிய வழக்கு 1947 ஏப்ரலில் இருவரின் விடுதலையோடு முடிந்தது. பிறருடைய வீட்டுச் சேதியைத் தலைப்பாக்கியவர் கடைசியில் எல்லாப் பத்திரிகைக்கும் தானே தலைப்பானது பற்றி அப்போது யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, 1952 ஆகஸ்டின் ஆளவந்தார் வழக்கு. சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் போட் மெயிலில், மானாமதுரை ஸ்டேஷனில், கேட்பாரற்ற டிரங்குப் பெட்டி ஒன்று இறக்கப்பட்டது. திறந்தால் தலையில்லாத உடல். தலை சில நாள் கழித்து ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. உடல் தெற்கே, தலை வடக்கே, நடுவில் முந்நூறு மைல் ரயில் பாதை. இதைவிட வசதியான தொடர்கதையை எந்த எழுத்தாளரும் பத்திரிகைக்குத் தந்ததில்லை. இறந்தவர் சென்னையில் பேனா விற்றவர், தவணையில் சேலையும் கொடுத்தவர் என்பது தெரிந்ததும் தலைப்புகளுக்குப் புதுத் தெம்பு வந்தது. 1953இல் விசாரணை நடந்தபோது நீதிமன்ற வாசலில் கூடிய கூட்டம், அன்றாடம் சாட்சி சொன்னவரின் பெயரைப் படக்கதாநாயகனின் பெயரைப்போல உச்சரித்தது. தினத்தந்தி 1960இல் ‘கன்னித்தீவு’ படக்கதையைத் தொடங்கி இன்றுவரை முடிக்காமல் இருப்பதற்கு இந்த வழக்கிலேயே ஒத்திகை நடந்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

நகரத்துக்கு வெளியே தலைப்புகளின் கதை வேறு. புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணம் உப்பளங்களை நோக்கிப் போகும் கடலோரத்தில், செம்மண் மேட்டில் இருக்கிறது குயிலாப்பாளையம். அன்றைய தென்னார்க்காடு ஜில்லா, சென்னை ராஜ்யம். ஆனால் கடலோரமாக நடந்தால் ஆட்சி மாறிக்கொண்டே வரும்: முத்தியாலுப்பேட்டை பிரெஞ்சு, கோட்டக்குப்பம் இந்தியா, காலாப்பட்டு மறுபடியும் பிரெஞ்சு, அதைத் தாண்டினால் மறுபடியும் இந்தியா. தலைப்பு எழுதுகிறவருக்கு இது பெரிய சோதனை. ‘எல்லையில் பதற்றம்’ என்று எழுதலாம். எந்த எல்லையில் என்று எழுதப் பத்தி போதாது.

1947க்குப் பிறகு இந்தக் கரையின் செய்திகள் இரண்டே வகை: ஒன்று விடுதலை, மற்றது கடத்தல். விடுதலைச் செய்தி தவணை முறையில் வந்தது. 1954 மார்ச்சில் புதுச்சேரி அரசியல்வாதி எதுவார் குபேர் நெட்டப்பாக்கத்தைப் பிடித்தார். கம்யூன்கள் ஒவ்வொன்றாக இந்தியாவோடு சேரத் தீர்மானம் போட்டன. ஒரு சாம்ராஜ்யம் பஞ்சாயத்து பஞ்சாயத்தாகக் கழன்று விழுந்ததைத் தினமும் முதல் பக்கத்தில் படிக்க முடிந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பிரெஞ்சு ஆட்சி ஒரு கிராமத்துக் கொட்டகையில் நடந்த வாக்கெடுப்பில் முடிந்தது, போர்ச் செய்திக்கென்று எடுத்து வைத்திருந்த பெரிய எழுத்துகளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். பாரிஸ் நாடாளுமன்றம் ஒப்பந்தத்தை உறுதிசெய்ய மேலும் எட்டு ஆண்டு எடுத்துக்கொண்டது. ஆக, 1962 ஆகஸ்டில் அதே செய்திக்கு இன்னொரு முறை தலைப்புப் போட வேண்டியிருந்தது.

கடத்தலுக்குக் காரணம் மதுவிலக்கு. 1937இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கியது, 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவி, 1971 வரை நீடித்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் போனபிறகும் கடை திறந்தே இருந்தது. வரப்பின் இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் வியாபாரம். அந்தக் கால வாய்ப்பாட்டைக் கொண்டு மாதிரிக்கு ஒன்று கட்டிப் பார்த்தால் இப்படி வரும்: ‘உப்பு வண்டிக்குள் உருண்டது என்ன? போலீசார் திகைப்பு! வண்டிக்காரன் ஓட்டம்! மாடுகள் கைது!’ நான்கு வரி, ஒரு கேள்வி, மூன்று ஆச்சரியம், உள்ளே செய்தி ஒன்றரை அங்குலம். சாராயம் கிடைக்காத ஊர்களில் வார்னிஷையும் பிரெஞ்சு பாலிஷையும் குடித்தவர்களைப் பற்றிய செய்திகள் இந்த ரகத்தில் சேராது. அங்கே ‘பரிதாபம்’ என்ற சொல் முழு நியாயத்தோடு வந்தது.

உப்பளத்துக்காரர்கள் தலைப்பில் தேடியது வேறொன்று. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வாரி முடித்துக் குவித்த உப்பு, ஒரு ராத்திரி மழையில் கரைந்துவிடும். வங்கக் கடலில் புயல் என்ற ஒரு வரிக்கு, எந்த மந்திரியின் பேச்சையும்விட மரக்காணத்தில் மதிப்பு அதிகம். சிக்கல் என்னவென்றால், தலைப்பு வந்து சேரும்போது மழையும் வந்து சேர்ந்திருக்கும்.

ஏனென்றால் வெளியூர்ப் பதிப்பு, அதாவது ‘டாக் எடிஷன்’, ரயிலைப் பிடிப்பதற்காக முதல் நாள் மாலையே அச்சேறிவிடும். திண்டிவனம் வரை ரயில், அங்கிருந்து பஸ், பஸ் நின்ற இடத்திலிருந்து சைக்கிள். மாலையில் முடிவு தெரியாத எதையும் காலையில் படிக்கப்போகிறவருக்குச் சொல்ல வேண்டும் என்பதால், தலைப்பில் ஜோசியம் கொஞ்சம் கலந்தே இருக்கும். ‘எனத் தெரிகிறது’, ‘என நம்பப்படுகிறது’ என்ற இரண்டு வால்களும் இந்த ரயில் நேரத்தின் குழந்தைகள். வாலைச் சேர்க்க மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் 1948 நவம்பர் 3 அன்றைய சிகாகோ டிரிபியூன். அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் வழக்கத்தைவிட முன்னதாக அச்சுக்குப் போன அந்த இதழ், அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் ட்ரூமனை டூயி தோற்கடித்தார் என்று பெரிய எழுத்தில் அறிவித்தது. ஜெயித்த ட்ரூமன் அந்தப் பிரதியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துச் சிரித்த படம், தலைப்பைவிடப் பிரபலமானது. ‘எனத் தெரிகிறது’ என்று ஒரு வால் ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தால் தப்பியிருக்கலாம்.

வெளிநாட்டுச் செய்தி எல்லாமே ஆங்கிலத் தந்தியாக இரவில் வந்து இறங்கும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் உதவி ஆசிரியர் அதைத் தமிழாக்க வேண்டும். புதுமைப்பித்தனே தினமணியில் இந்த வேலை பார்த்தவர்தான். பெயர்கள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1955இல் இந்தியாவுக்கு வந்த சோவியத் தலைவர்களில் புல்கானின் எளிதாகத் தமிழுக்குள் புகுந்துவிட்டார். கூட வந்தவர் குருஷேவ், குருஷ்சேவ், குருச்சேவ் என்று பத்திரிகைக்கு ஒரு ஆளாகச் சுற்றுப்பயணம் செய்தார். ஸ்டாலின் விஷயத்தில் இந்தத் தொல்லை இல்லை. 1953 மார்ச்சில் அவர் இறந்த செய்தி வந்த நாட்களில் மு. கருணாநிதி தம் மகனுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார். எழுபது ஆண்டு கழித்தும் தமிழ்ப் பத்திரிகைகள் எழுத்துப் பிழையில்லாமல் எழுதும் ரஷ்யப் பெயர் அது ஒன்றுதான்.

வானம் தலைப்புக்குள் வந்தது 1957இல். அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் ஏறியது. தமிழில் அது செயற்கைச் சந்திரன் ஆனது. ஒரு மாதம் கழித்து லைகா என்ற நாய் போனது. இரண்டாவது செய்திக்குத்தான் டீக்கடையில் மவுசு அதிகம் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. நாய் எல்லாருக்கும் தெரிந்த பிராணி. அறிவியல் இப்படி முந்திக்கொண்டிருக்க, 1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை சோதிடம் பதிலடி கொடுத்தது. சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி, கேது ஆகிய எட்டும் மகர ராசியில் கூடும் அஷ்டகிரகச் சேர்க்கையால் உலகம் அழியும் என்று நாடெங்கும் பேச்சு. யாகங்கள் நடந்தன, பயணங்கள் தள்ளிப்போயின. பத்திரிகைகளுக்கு இது தருமசங்கடம். அழியும் என்று எழுதினால் பகுத்தறிவாளர் கேலி செய்வார்கள். அழியாது என்று எழுதினால் அன்றைய பிரதி விற்காது. அழியுமா என்று கேட்டு வைப்பதே இரண்டுக்கும் பொதுவான மருந்து. ஆறாம் தேதி உலகம் இருந்தது, பத்திரிகையும் வந்தது, அதே மாதம் பொதுத்தேர்தலும் நடந்தது. அக்டோபரில் சீனப் படை எல்லையைத் தாண்டியபோது, எட்டு மாதம் தாமதமானாலும் பலன் பலித்தது என்று சொல்லிக்கொள்ளச் சோதிடர்களுக்கும் வழி பிறந்தது.

தேர்தல் என்றதும் தலைப்பின் மொழி மாறிய கதையைச் சொல்லியாக வேண்டும். திராவிட இயக்கம் தன் ஏடுகளில் தொடங்கியது இது: அண்ணாவின் திராவிட நாடு, கருணாநிதியின் முரசொலி, நெடுஞ்செழியனின் மன்றம், கண்ணதாசனின் தென்றல். தலைப்புக்கு மோனை வேண்டும், முடிந்தால் எதுகையும் வேண்டும். கழகப் படிப்பகங்களில் ஒருவர் படிக்கப் பலர் கேட்டார்கள். டீக்கடையில் சதக் சதக் செய்த வேலையை இங்கே அடுக்குமொழி செய்தது. அபேட்சகர் வேட்பாளரானார். காரியதரிசி செயலாளரானார். சர்க்கார் அரசானது. மகாநாடு ஓர் எழுத்து இளைத்து மாநாடானது. 1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்துக்குப் பிறகு ரயில்வே துணை மந்திரி ஓ.வி. அளகேசன்மேல் பாய்ந்த அடுக்குமொழி முழக்கம், பத்திரிகைத் தலைப்பைவிட வேகமாக ஊர் ஊராகப் போனது. அப்போது ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்த விலகல் செய்தியைவிட அளகேசன் மீதான எதுகை நெடுநாள் நின்றது.

1967 தந்திப் பள்ளியும் அடுக்குமொழிப் பள்ளியும் ஒன்றுசேர்ந்த ஆண்டு. ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டார். வில்லன் கதாநாயகனைச் சுடுவது படத்தில் வழக்கம். வீட்டில் நடந்ததும் எந்த மிகைச்சொல்லும் போதவில்லை. இருபத்தைந்து ஆண்டாக ஆட்டுத் திருட்டுக்கெல்லாம் ‘பயங்கரம்’ போட்டுச் செலவழித்ததன் விளைவு, உண்மையான பயங்கரம் வந்தபோது சொல் கையிருப்பில் இல்லை. எழுத்தின் அளவை மட்டுமே கூட்ட முடிந்தது. அடுத்த மாதத் தேர்தலில் விருதுநகரில் காமராஜரை மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1,285 வாக்கில் தோற்கடித்தார். ஆட்சிக்கு வந்த தி.மு.க. சட்டசபைக்குச் சபாநாயகராகத் தேர்ந்தெடுத்தது சி.பா. ஆதித்தனாரை. தமிழ்நாட்டில் மிக அதிகமான ஆச்சரியக்குறிகளை அச்சேற்றியவர், உறுப்பினர்களின் காரமான சொற்களை அவைக்குறிப்பிலிருந்து நீக்கும் இடத்தில் உட்கார்ந்தார்.

மறு ஆண்டு 1968 பிப்ரவரி 28 அன்று குயிலாப்பாளையத்தை ஒட்டிய செம்மண் மேடு செய்தியானது. 124 நாடுகளிலிருந்தும் இந்திய மாநிலங்களிலிருந்தும் கொண்டுவந்த மண்ணைத் தாமரை மொட்டு வடிவக் கலசத்தில் இட்டு ஆரோவில் தொடங்கியது. கடத்தலும் இல்லை, கொலையும் இல்லை, தேர்தலும் இல்லை; எந்தப் பழைய வாய்ப்பாட்டிலும் அடங்காத நிகழ்ச்சி. மரமே இல்லாத மேட்டில் உலகத்து மண்ணை எல்லாம் கொட்டுகிறார்கள் என்பதைப் ‘பரபரப்பு’ என்பதா ‘மர்மம்’ என்பதா என்று முடிவு செய்வது எளிதல்ல.

தலைப்புகளின் உருவத்துக்கு அச்சுக்கூடமும் காரணம். ஈய எழுத்துகளைக் கையால் கோர்த்த காலம் அது. ஆங்கிலக் கம்பாசிட்டருக்கு இருபத்தாறு எழுத்தும் அவற்றின் பெரிய வடிவங்களும் போதும். தமிழ்க் கம்பாசிட்டர் நூற்றுக்கு மேற்பட்ட அறைகள் கொண்ட பெட்டிக்கு முன் நின்றார். கொம்பு முளைத்த பழைய ‘லை’, ‘ளை’, சுழி போட்ட ‘ணா’, ‘றா’ எல்லாம் தனித்தனி வார்ப்பு. பெரியார் 1935இல் குடி அரசிலும் தொடர்ந்து விடுதலையிலும் இவற்றைச் சீர்திருத்தி அச்சிட்டதில் கொள்கையோடு சிக்கனமும் இருந்தது. 1978இல் தமிழக அரசு அந்தச் சீர்திருத்தத்தை ஏற்றது. முதல்பக்கத்துப் பெரிய எழுத்துகளில் கையிருப்பு எப்போதும் குறைவு. ஒரே தலைப்பில் ஒரு எழுத்து நாலு தடவை வந்து, பெட்டியில் மூன்றுதான் இருந்தால், மாற்ற வேண்டியது எழுத்தையல்ல, செய்தியை. ‘பலி’ என்ற சொல் தமிழ்ப் பத்திரிகையில் இவ்வளவு காலம் ஆண்டதற்கு அதன் இரண்டே எழுத்து ஒரு வலுவான காரணம்.

அந்தப் பிரதிகளில் பெரும்பாலானவை எடைக்குப் போட்டு, மளிகைக் கடையில் புளியும் மிளகாயும் மடித்துத் தீர்ந்துபோனவை. எஞ்சியவற்றைச் சென்னையில் கன்னிமாரா நூலகத்திலும், 1994இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பார்க்கலாம். பின்னதன் அடிப்படையான நூல் தொகுப்பைச் செட்டிநாட்டிலிருந்து விலைக்கு வாங்கி இங்கேயே இருக்கச் செய்தது சிகாகோ பல்கலைக்கழகம். டூயியை ஜெயிக்க வைத்த அதே சிகாகோ.